கல்லின்மேல் தங்கும் மின்னூட்டம்

ஆற்றில் புதுவெள்ளம் வரும் நாளில் ஒரு குடம் நீரை முகந்து வைத்தால், சிறிது நேரத்திற்குள் மணலும் பருவண்டலும் அடியிற் படிந்துவிடுகின்றன. ஆயினும் நீர் தெளிவதில்லை. மறுநாட் காலையிலும் அது செம்மை கலந்த மங்கலுடனேயே இருக்கின்றது. நீரிற் கலந்து நிற்கும் அந்த மண் துகள் ஒவ்வொன்றும் கல்லின் பொடியே. கல் நீரைவிடக் கனமானது. அங்ஙனமாயின் அத்துகள்கள் ஏன் அமிழ்வதில்லை? மிகவும் நுண்ணியவாதலின் மெல்ல அமிழ்கின்றன என்பது பாதி விடையே ஆகும். பல துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் பெரிய கட்டிகளாகி விரைந்து அமிழுமே, அவை ஏன் ஒட்டுவதில்லை என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது.

அவை ஒட்டாமைக்குக் காரணம் மின்னூட்டம். நீரில் நனைந்த களிமண் துகள்கள் யாவும் எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கின்றன. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதனை நீங்கள் இயற்பியற் பாடத்திற் படித்திருப்பீர்கள். அவ்விலக்கமே துகள்களை நெருங்க விடாமற் காக்கின்றது. சிறிது படிகாரத்தைக் கரைத்தவுடன், அதிலிருந்து பிரியும் நேர் மின்னூட்டமுள்ள அலுமினியத் தொகுதிகள் துகள்களின் எதிர் மின்னூட்டத்தைத் தணித்துவிடுகின்றன, துகள்கள் திரண்டு படிகின்றன, நீர் தெளிகின்றது. நம் முன்னோர் இதே பணிக்குத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து வந்தனர். கலங்கிய நீர் தேற்றாவின் விதையால் தெளிவதைக் கலித்தொகைப் புலவர் உவமையாகக் கையாண்டுள்ளார். ஆகவே, செயல் மிகப் பழையது. காரணத்தை அறிந்ததுதான் புதியது.

நீரில் உள்ள மண் துகளுக்கு மின்னூட்டம் உண்டு என்பதற்கு முதற் சான்று மாஸ்கோ நகரிற் கிடைத்தது. அங்கே பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ரூஸ் என்னும் அறிஞர், ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை நட்டு, அவற்றில் நீரை ஊற்றி, வோல்ட்டா மின்னடுக்கின் இரு முனைகளையும் அக்குழாய்களுள் இறக்கினார். நேர்முனை இருந்த குழாயில் களிமண் துகள்கள் மேலெழுந்து நீரைக் கலக்கின. எதிர்முனை இருந்த குழாயில் நீர் மட்டம் உயர்ந்தது. இச்சோதனை பற்றிய கட்டுரை 1809-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நேர்முனையை நோக்கிச் செல்லும் துகள் எதிர் மின்னூட்டம் உடையதாதல் வேண்டும் என்பது தெளிவு. எனினும், ஒரு பொருள் எப்பக்கம் நகர்கின்றது என்பதைக்கொண்டு அதன் மின்னூட்டம் எவ்வகையினது என்று கூறலாமேயன்றி, அது எவ்வளவு என்று கூறுதல் அரிது. ஏனெனின், நகரும் துகள் தன்னைச் சூழ்ந்த நீரிற் சிறிதளவையும் அதிலுள்ள அயனிகளையும் உடன் இழுத்துக்கொண்டே செல்கின்றது. கல்லின்மேல் உண்மையாக எவ்வளவு மின்னூட்டம் உள்ளது என்பதனை அறிய வேறு வழி தேடவேண்டியதாயிற்று. அவ்வழி, உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டையும் பிப்பெட்டையும் கொண்டு நீங்கள் செய்யும் அதே தரம்பார்த்தல் முறையாகும்.

முதலில் மின்னூட்டம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதைக் காண்போம். களிமண்ணின் கதை சற்றுச் சிக்கலானது. அதன் மின்னூட்டத்திற் பெரும்பகுதி படிகத்தின் உள்ளமைப்பிலேயே நிலையாகப் பதிந்து கிடக்கின்றது. ஆதலின், அதனை விடுத்து எளிய பொருளாகிய இரும்பின் துருவை எடுத்துக்கொள்வோம். செம்மண்ணுக்கும் காவிக்கல்லுக்கும் சிவப்பு நிறம் தருவது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. பழுப்பும் மஞ்சளும் தருவது கோதைட் என்னும் அதன் உறவுப் பொருள். ஜெர்மானியக் கவிஞர் கதேயின் பெயரை இக்கனிமத்திற்கு 1806-ஆம் ஆண்டில் இட்டனர். கவிஞராகிய அவர் கற்களைத் தொகுத்து ஆராய்வதிலும் பேரார்வம் உடையவராயிருந்தார்.

ஹேமடைட் படிகத்தின் உள்ளே ஒவ்வோர் இரும்பு அணுவையும் எல்லாப் பக்கங்களிலும் ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. மேற்பரப்பில் உள்ள இரும்பு அணுவுக்கோ ஒரு பக்கம் துணையில்லை. படிகம் நீரில் மூழ்கியவுடன் அந்த வெற்றிடத்தை நீர் வந்து நிரப்புகின்றது. அதன் பயனாகப் புறப்பரப்பு முழுவதும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகளால் மூடப்படுகின்றது. நீரில் அமிலம் மிகுந்தால், அங்கு நிறைந்துள்ள ஹைட்ரஜன் அயனிகளில் ஒன்றை அத்தொகுதி ஏற்றுக்கொள்கின்றது. உடனே அவ்விடம் நேர் மின்னூட்டம் பெறுகின்றது. நீரிற் காரம் மிகுந்தால், அதே தொகுதி தன்னிடமிருந்த ஹைட்ரஜன் அயனியை இழந்துவிடுகின்றது. அவ்விடம் எதிர் மின்னூட்டம் பெறுகின்றது. ஆகவே துருவுக்கு இன்ன மின்னூட்டம் என்று நிலையாகக் கூறுவதற்கில்லை. அது கிடக்கும் நீரே அதனை முடிவு செய்கின்றது.

நீரின் அமிலத் தன்மையை அளக்கும் பி.எச். எண்ணைக் கோபன்ஹேகன் நகரிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் 1909-ஆம் ஆண்டில் வகுத்தார். அந்த எண் ஒன்று குறையுமாயின், நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்காகும். தூய நீருக்கு எண் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அவ்வெண்ணை நிறமாற்றத்தால் உத்தேசமாக அறிவதோடு அமையாமல், மின்னழுத்தத்தால் நுட்பமாக அளப்பதற்கு உதவும் கண்ணாடி மின்வாயை ஹேபர், கிளெமன்சீவிச் என்னும் இருவர் அதே 1909-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர். இவ்விரண்டும் இல்லையேல் நாம் இங்கே விவரிக்கும் அளவீடு நடைபெற்றிராது.

இனி, அளக்கும் முறைக்கு வருவோம். அதன் அடிப்படை, கணக்கு எழுதுவோர் நன்கறிந்த ஒன்றே. நூறு மூட்டை நெல்லை வண்டிகளில் ஏற்றி அனுப்பினோம். சந்தையில் எண்ணிப் பார்த்தபோது இரண்டே மூட்டைகள் இருந்தன. எஞ்சிய தொண்ணூற்றெட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டன என்பதை அறிய, அவற்றை நேரிற் காணவேண்டும் என்பதில்லை. அவ்வாறே, நீரில் நாம் விட்ட ஹைட்ரஜன் அயனிகள் இத்தனை என்று பியூரெட் கூறுகின்றது. நீரில் இப்போது இருப்பவை இத்தனை என்று கண்ணாடி மின்வாய் கூறுகின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கல்லின்மேல் ஏறிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் ஹேமடைட் பொடியை 100 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் இட்டுக் கலக்குகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். பொடியின் புறப்பரப்பு முழுவதையும் விரித்தால் 30 சதுர மீட்டர் வரும் என்க. ஒரு கிராமுக்கு இவ்வளவு பரப்பா என்று வியக்கவேண்டா. பொருளை நுண்ணிதாகப் பொடிக்கப் பொடிக்கப் பரப்பு பெருகிக்கொண்டே செல்லும். அப்பரப்பை நைட்ரஜன் வாயு ஒட்டும் அளவைக்கொண்டு கணக்கிடும் முறையைப் புரூனவர், எம்மட், டெல்லர் ஆகிய மூவர் 1938-இல் வெளியிட்டனர். நீரின் பி.எச். 8.5 ஆக உள்ளது. அந்நிலையில் பொடியின்மேல் மின்னூட்டம் இல்லை என்று இப்போதைக்குக் கொள்வோம்.

இனிப் பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கலக்குகின்றோம். பி.எச். 5.5-க்கு இறங்கும்போது 0.36 மில்லிலிட்டர் செலவாகியிருக்கின்றது. அதில் இருந்த ஹைட்ரஜன் அயனிகள் 36 மைக்ரோமோல். ஒரு மைக்ரோமோல் என்பது மோலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவற்றுள் நீருக்கு வேண்டியிருந்தது எவ்வளவு? தொடக்கத்தில் நீரிலிருந்த சிறிதளவு காரத்தை முறிப்பதற்கு ஏறத்தாழ 0.3 மைக்ரோமோல், முடிவில் நீரில் தனித்து நிற்பது ஏறத்தாழ 0.3 மைக்ரோமோல். ஆக 0.6 போக, எஞ்சிய 35.4 மைக்ரோமோலும் துருவின்மேல் ஏறிவிட்டன. வேறு வகையாகச் சொன்னால், துரு இல்லாத நீருக்கு ஒரு துளியில் எட்டில் ஒரு பங்கு அமிலமே போதும்; துரு இருந்ததனால் ஏழு துளிகள் வேண்டியிருந்தன. அவ்வேறுபாட்டை எவரும் கண்ணாற் காணலாம்.

35.4 மைக்ரோமோலை 30 சதுர மீட்டரால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு 1.18 மைக்ரோமோல் ஆகின்றது. ஒரு மோல் அயனிகள் சுமக்கும் மின்னூட்டம் 96,485 கூலும். பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 0.11 கூலும் என்னும் விடை கிடைக்கின்றது. மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய நானோமீட்டரைப் பக்கமாகக் கொண்ட ஒரு நுண் சதுரத்திற்குள், சராசரியாக முக்கால் அயனிகூட இல்லை. இத்துணைச் சிறியதை ஒரு கண்ணாடிக் குழாயின் கோடுகளைக்கொண்டு எண்ணிவிட முடிகின்றது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, “தொடக்கத்தில் மின்னூட்டம் இல்லை என்று கொண்டீர்களே, அதனை எங்ஙனம் அறிந்தீர்கள்?” என்று வினவக்கூடும். அவ்வினா நேர்மையானது. தரம்பார்த்தல் கூறுவது ஏற்றத்தையும் இறக்கத்தையுமே. ஆரம்ப இருப்பு எழுதப்படாத பேரேட்டைப் போன்றது அது. இன்று பத்து வரவு, நாளை ஐந்து செலவு என்று எத்தனை நாள் எழுதினாலும், பெட்டியில் முதலில் என்ன இருந்தது என்பது தெரியாதவரை மொத்த இருப்பும் தெரியாது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது உப்பு. பொட்டாசியம் நைட்ரேட் எனப்படும் வெடியுப்பின் அயனிகள் துருவோடு வேதிமுறையில் இணைவதில்லை. மின்னூட்டம் உள்ள பரப்பைச் சுற்றிக் கூடி நிற்கின்றன, அவ்வளவே. அதனால் விளையும் பயனை ஓர் உவமையாற் கூறலாம். ஒரே திண்ணையில் மனத்தாங்கல் கொண்ட இருவர் அருகருகே அமரமாட்டார்கள். இருவருக்கும் வேண்டியவர் ஒருவர் இடையில் அமர்ந்தால், அதே திண்ணையில் இருவரும் இருப்பர். பரப்பின்மேல் ஏறிய நேர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால், புதிதாக வரும் ஹைட்ரஜன் அயனிக்கு இடம் எளிதிற் கிடைப்பதில்லை. நைட்ரேட் அயனிகள் அருகில் வந்து நின்றால் அவ்விலக்கம் தணிகின்றது. மேலும் பல அயனிகள் ஏறுகின்றன. ஆகவே உப்பு மிகுந்த நீரில், அதே பி.எச். எண்ணை அடைய அமிலம் மிகுதியாகச் செலவாகும். காரப் பக்கத்திலும் அவ்வாறே. அங்குப் பொட்டாசியம் அயனிகள் துணை நிற்க, காரம் மிகுதியாகச் செலவாகும். ஆனால் பரப்பின்மேல் நேரும் எதிரும் சமமாகி நிற்கும் அந்த ஒரே இடத்தில், தணிப்பதற்கு விலக்கமே இல்லை. அங்கே உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேறுபாடு தோன்றாது.

இதனைக்கொண்டே சுழியைக் கண்டனர். உப்புக் குறைந்த நீர், இடைப்பட்ட நீர், மிகுந்த நீர் என மூன்றிலும் தனித்தனியே தரம் பார்த்து, மூன்று வளைகோடுகளை ஒரே வரைபடத்தில் வரைந்தால், அவை ஒரு புள்ளியில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அப்புள்ளியே சுழி மின்னூட்டப் புள்ளி. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்க்ஸ், டி புரூயின் என்னும் இருவர் இரும்பு ஆக்சைடை இவ்வாறு ஆராய்ந்து, அதன் புள்ளி பி.எச். 8.5 அளவில் அமைகின்றது என்று 1962-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பேரேட்டிற்கு ஆரம்ப இருப்பு அகப்பட்டுவிட்டது. ஒவ்வொரு கனிமத்திற்கும் இப்புள்ளி வேறாகும். மணலின் பொருளாகிய சிலிக்காவுக்கு அது 2-க்கும் 3-க்கும் அண்மையில் உள்ளது; ஆதலின் சாதாரண நீரில் மணல் எப்பொழுதும் எதிர் மின்னூட்டமே உடையது. அலுமினிய ஆக்சைடுக்கு ஏறத்தாழ 9. மக்னீசியம் ஆக்சைடுக்கு 12 அளவில்.

முறை எளிதாயினும் செய்து முடித்தல் எளிதன்று. காற்றிலுள்ள கரியமில வாயு நீரிற் கரைந்து காரத்தைத் தின்றுவிடும்; தின்றது வாயு, பழியோ கல்லின்மேல் விழும். ஆகவே சோதனை முழுவதும் தூய நைட்ரஜனைக் கரைசலினூடே செலுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். கோதைட் கனிமத்தின் சுழிப் புள்ளி 7.5-ஐ ஒட்டியது என்று முன்னாளில் ஆராய்ந்தோர் பலர் எழுதினர். கரியமில வாயுவை முற்றிலும் விலக்கிச் செய்த பிற்காலச் சோதனைகள் அது 9-க்கும் மேற்பட்டது என்று காட்டின. முன்னவர் கவனமற்றவர் அல்லர். அறையின் காற்றே அவர்களை ஏமாற்றிவிட்டது. அன்றியும் கண்ணாடிக் குடுவையே காரத்திற் சிறிது கரைந்து, அதன் சிலிக்கா துருவின்மேல் ஒட்டிக்கொள்ளும். அதனால் பிளாஸ்டிக் கலங்களைக் கையாளுகின்றனர். பொடியைத் தயாரித்தபோது எஞ்சிய மாசுகளைப் பன்முறை கழுவி நீக்கவேண்டும். கனிமம் இடாத வெறும் உப்பு நீரையும் அதே முறையில் தரம் பார்த்துக் கழித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு துளிக்குப் பின்னும் எத்துணை நேரம் காத்திருப்பது என்பதும் தொல்லை தரும் கேள்வியே. முதற் சில நிமிடங்களிற் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆனால் பொடியின் நுண்துளைகளுக்குள் அயனிகள் சென்று சேர மணிக்கணக்காகும். அமிலம் விட்டு இறங்கும்போது கிடைத்த வளைகோடும், காரம் விட்டு ஏறும்போது கிடைத்த வளைகோடும் ஒன்றாக அமையாவிடின், பொறுமை போதவில்லை என்று கொள்ளலாம்.

இவ்வளவு உழைத்து ஒரு துருத்தூளின் மின்னூட்டத்தை அறிந்து என்ன பயன் என்று கேட்பாருமுண்டு. கங்கையும் பிரமபுத்திராவும் கூடும் வங்காளப் படுகையைப் பாருங்கள். குளத்து நீராலும் ஆற்று நீராலும் பரவிய நோய்களுக்கு அஞ்சி, அங்கு எண்ணற்ற குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. தெளிந்த அந்நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பது மேற்கு வங்கத்தில் 1980-களிலும், வங்காள தேசத்தில் 1993-லும் தெரியவந்தது. நிறமும் மணமும் சுவையும் காட்டாத அந்நஞ்சைப் பல ஆண்டுகள் பருகியோரின் உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் தோல் தடித்தது. பலரைப் புற்றுநோய் பற்றியது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்நஞ்சு எங்கிருந்து வந்தது? மலைகளிலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில், துருப் படலத்தின்மேல் ஒட்டியே அது வந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைத்துவிட, ஒட்டியிருந்த நஞ்சு நீரில் விடுபட்டது.

துருவைவிட்டு வந்த நஞ்சைத் துருவைக்கொண்டே பிடிக்கவும் இயலும். காற்றுப் படும் நீரில் ஆர்சனிக், ஆக்சிஜனோடு கூடி, எதிர் மின்னூட்டமுள்ள ஆர்சனேட் அயனியாக இருக்கும். பி.எச். 7 அளவான நீரில் துருவோ நேர் மின்னூட்டமுடையது. ஏனெனின் 7 என்பது அதன் சுழிப் புள்ளிக்குக் கீழே உள்ளது. நேர் எதிரை இழுக்கின்றது; இழுபட்டு அருகே வந்த ஆர்சனேட் இரும்பு அணுவுடன் நேரடியாகவும் பிணைந்துகொள்கின்றது. இப்பிணைப்பு வெறும் மின்கவர்ச்சியினும் வலியது என்பதையும் சொல்லவேண்டும். மின்னூட்டம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. ஆயினும் நீரின் பி.எச். 9-ஐத் தாண்டினால், துரு எதிர் மின்னூட்டம் பெற்று ஆர்சனேட்டை விலக்கத் தொடங்குகின்றது. வடிகட்டியின் ஆற்றல் தளர்கின்றது. எந்த நீருக்கு எந்த வடிகட்டி பொருந்தும் என்பதனை அந்தத் தரம்பார்த்தல் வளைகோடு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது.

நம் நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பற்களைக் கறைப்படுத்தியும் எலும்புகளை இறுக்கியும் வந்தது. புளூரைடைப் பிடிப்பதற்கு அலுமினிய ஆக்சைடு குருணைகள் இந்தியாவிற் பல இடங்களில் பயன்பட்டுள்ளன. 9-ஐ ஒட்டிய அதன் சுழிப் புள்ளிக்கு மிகவும் கீழே, பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையில், அது நன்கு பிடிக்கின்றது. குருணைகள் நிறைந்துவிட்டால் எறிந்துவிடுவதில்லை. அவற்றின்மேல் எரிசோடாக் கரைசலை ஊற்றுகின்றனர். பரப்பு எதிர் மின்னூட்டம் பெற்றுப் புளூரைடை உதறிவிடுகின்றது. பின்னர் நீர்த்த அமிலத்தாற் கழுவினால், பரப்பு மீண்டும் நேர் மின்னூட்டம் பெற்று அடுத்த முறைக்கு ஆயத்தமாகின்றது. குடுவையிற் சில துளிகளால் நடந்த அதே வினை இங்கே வாளிக் கணக்கில் நடக்கின்றது. கழுவிய நீரில் மட்டும் புளூரைடு முழுவதும் செறிந்திருக்குமாதலின், அதனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது.